புதுப்பிப்பு: முழங்கையில் வெள்ளைச் செதில், படர்தாமரை இல்லை

மாசியில் கேட்டிருந்தேன்: முழங்கையிலும் தலையிலும் சிவந்த திட்டு, மேலே வெள்ளைச் செதில், பூஞ்சைக் களிம்பு ஆறு கிழமை பூசியும் மாறவில்லை என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "நகத்தைப் பாருங்கோ" என்று சொன்ன அக்காவின் யோசனைதான் சரியாக வந்தது. கட்டைவிரல் நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். இத்தனை நாளும் கண்ணில் படவே இல்லை.

மட்டக்களப்பில் தோல் கிளினிக்கில் செதிலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பூஞ்சை இல்லை, சொரியாசிஸ்: உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாக வேலை செய்து தோல் வேகமாக வளர்ந்து செதிலாகும் நோய். நகக் குழிகளும் அதன் அடையாளம்தான். தலைக்கு நிலக்கரித் தார் கலந்த ஷாம்பூ. முழங்கைக்கு பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும், செதிலைக் கழற்றும் சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பு. செதில் முதலில் கழன்றது, சிவப்பு அடங்க ஒன்றரை மாதம் பிடித்தது. நடுவில் நானாகவே ஒரேயடியாக நிறுத்தினேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. அப்புறம் டொக்டர் சொன்னபடி நாள் விட்டு நாள் பூசி மெல்லக் குறைத்தேன். கல்லடிக் கடலில் குளிக்கச் சொன்னவருக்கு: குளித்தேன், எரிந்ததுதான் மிச்சம்.

எதிர்பாராதது ஒன்று. காலையில் விரல் மூட்டு விறைக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அதுவும் இதன் தொடர்ச்சியாக இருக்கலாம் என்று மூட்டு கிளினிக்குக்கும் துண்டு தந்திருக்கிறார்கள்.

இது தொற்றாது. மாமி இப்போது என் துவாயைத் தனியாகக் காயப்போடுவதில்லை.