மிதமான ஸ்விங் வேகத்துக்குப் பிழை பொறுக்கும் கோல்ஃப் ஹைபிரிட்: 22 டிகிரியா, 26 டிகிரியா?

மணற்குழி:
டிரைவர் (மிக நீளமாக அடிக்கும் கிளப்) ஸ்விங் வேகம் மணிக்கு 85 மைல், வலது கை ஆட்டம். கேரி (பந்து தரையில் விழும்வரை பறக்கும் தூரம்) கணக்கு: 18 டிகிரி 5-வுட் (பருத்த தலையுள்ள நீண்ட கிளப்) 170 யார்டு, 5-அயர்ன் (மெல்லிய உலோகத் தலையுள்ள கிளப்) 138, 6-அயர்ன் 134, 7-அயர்ன் 124. 5-அயர்னின் லாஃப்ட் (கிளப் முகம் பின்சாயும் கோணம்) 23 டிகிரி, 6-அயர்ன் 26. 138-க்கும் 170-க்கும் நடுவே ஒன்றுமே இல்லை. 4-ஆம் நம்பர் ஹைபிரிட் (வுட்டும் அயர்னும் கலந்த கிளப்) ஒன்று வாங்கினால் போதுமா, 5-உம் சேர்த்து வேண்டுமா? ஷாஃப்ட் (தண்டு) ரெகுலரா, அதைவிட இளகிய சீனியரா? கிளப் முகத்தின் நடுவில் படாத அடியும் ஓரளவு தூரம் போகவேண்டும், அதுதான் முக்கியம்.

பதினாலு_கிளப்:
அடியில பொறிச்சிருக்கிற நம்பரை முதல்ல மறந்துடுங்க. "4-அயர்னுக்குப் பதில் 4-ஹைபிரிட்"ங்கறது 4-அயர்ன் 24 டிகிரியா இருந்த காலத்துக் கணக்கு. இப்ப உங்க 5-அயர்னே 23. பிங் ஜி430 வரிசையில 4-ஹைபிரிட் 22 டிகிரி, 5-ஹைபிரிட் 26. அதாவது உங்க 6-அயர்ன் லாஃப்டும் அந்த 5-ஹைபிரிட் லாஃப்டும் ஒண்ணுதான். ஆனா தூரம் ஒண்ணு இல்ல. ஹைபிரிட்டோட ஷாஃப்ட் நீளம், எடை கீழயும் பின்னாடியும் இருக்கு, பந்து உசரமா எழும்பும்.

நீங்க குடுத்த கணக்குலயே பதில் இருக்கு. 6-க்கும் 5-க்கும் 4 யார்டு தான் வித்தியாசம். 7-க்கும் 6-க்கும் 10. அப்போ 5-அயர்ன் செத்துப்போச்சு. லாஃப்ட் 3 டிகிரி குறைஞ்சும் தூரம் ஏறலன்னா, உங்க வேகத்துக்குப் பந்து மேல போகாம சீக்கிரமே விழுதுன்னு அர்த்தம். அதைத் தூக்கிட்டு 26, 22 ரெண்டையும் வைங்க. 26-ல 145, 22-ல 157 பக்கம் எதிர்பாக்கலாம். 134, 145, 157, 170. ஏணி சரியா வந்துடுது. ஒண்ணுதான் வாங்கமுடியும்னா 26-ஐ எடுங்க, அதுதான் அடிக்கடி கைக்கு வரும். பையில கிளப் 14-ஐத் தாண்டாம பாத்துக்குங்க.

ஷாஃப்ட்_பித்தன்:
லாஃப்ட் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பிழை பொறுப்பது தலையின் வேலை மட்டும் இல்லை. அகலமான, எடை பின்னால் தள்ளிய தலை ஓரத்தில் பட்டாலும் குறைவாகத்தான் திரும்பும், உண்மைதான். அதே தலையை நீளமான ஷாஃப்டில் மாட்டினால் நடுவில் படும் அடிகளே குறைந்துவிடும். கடையில் நிற்கும் 22 டிகிரி ஹைபிரிட் பெரும்பாலும் 39.5 முதல் 40.5 இஞ்ச். குட்டையானதிலிருந்து தொடங்குங்கள்.

85 மைலுக்கு ரெகுலர். 80-க்குக் கீழே இறங்கினால்தான் சீனியர். ஃப்ளெக்ஸை (ஷாஃப்ட் வளையும் தன்மையை) விட எடை முக்கியம்: அயர்னில் 95 கிராம் ஸ்டீல் இருந்தால் ஹைபிரிட்டில் 70 முதல் 80 கிராம், அயர்னே 65 கிராம் கிராஃபைட் என்றால் 60-65. பஞ்சு மாதிரி 50 கிராம் ஷாஃப்டைப் போட்டால் கைகள் முந்திக்கொள்ளும், பந்து இடது பக்கம் ஓடும். பிறகு பழி கிளப் மேல்.

சோதிக்கும்போது ரேஞ்ச் (பயிற்சி மைதானப்) பந்தை நம்பாதீர்கள், ஆடும் பந்தையே கொண்டுபோங்கள். கிளப் முகத்தில், பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை மெலிதாக அடித்து, 10 பந்து அடித்து, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மிக நீளமாகப் போன ஒரே ஒரு பந்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். பத்தையும் நல்லதிலிருந்து வரிசைப்படுத்தினால் ஏழாவது, எட்டாவதாக வரும் மோசமான அடி எவ்வளவு குறைகிறது என்பதே கேள்வி.

மணற்குழி:
22 டிகிரி, 40.5 இஞ்ச், 65 கிராம் ரெகுலரில் சோதித்ததில்: கேரி சராசரி 158, இறங்கும் கோணம் 37 டிகிரி. 10-ல் 7 தடம் ஹீல் (முகத்தில் ஷாஃப்டை ஒட்டிய முனை) பக்கம். பெரும்பாலானவை இடது பக்கமாகவே கிளம்பி, வளையாமல் இடதிலேயே விழுந்தன. ஹைபிரிட் என்றாலே இடது பக்கம் இழுக்கும் என்கிறார்கள், அதுதானா இது?

லை_ஆங்கிள்:
இழுக்கறதுக்குக் காரணம் இருக்கு, சாபம் ஒண்ணும் இல்ல. ஹீல்ல பட்ட பந்து சாதாரணமா வலது பக்கம் வளையணும். உங்களுது வளையாம இடதுலயே போகுதுன்னா, அடிபடுற நேரத்துல முகமே இடது பக்கம் பாக்குது. ஹைபிரிட் தலையில லை ஆங்கிள் (தரைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல உள்ள கோணம்) நிமிர்வா இருக்கும், சிலதுல ஆஃப்செட்டும் (முகம் ஷாஃப்டுக்குக் கொஞ்சம் பின்தள்ளி இருக்கிறது) உண்டு. டோ (ஹீலுக்கு எதிர்முனை) தூக்கிட்டு நின்னா முகம் இடது பக்கம் திரும்பும். லாஃப்ட் கூடக்கூட அந்த விளைவும் கூடும்.

வெள்ளைப்பலகை மார்க்கரால பந்து மேல தடிமனா ஒரு கோடு போடுங்க. கோடு செங்குத்தா, கிளப் முகத்தைப் பாத்தமாதிரி பந்தை வைங்க. அடிச்சதும் முகத்துல கோட்டோட அச்சு விழும். நேரா நின்னா லை சரி. கோட்டோட மேல்முனை டோ பக்கம் சாஞ்சிருந்தா ரொம்ப நிமிர்வு. ஹீல் பக்கம் சாஞ்சா ரொம்பப் படுக்கை. ஒரு அச்சை வெச்சு முடிவுகட்டாதீங்க, அஞ்சாவது பாருங்க. ஒவ்வொரு தடவையும் துடைச்சிட்டு அடிங்க.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி கிரிப்பை அரை இஞ்ச் கீழ பிடிச்சு இன்னொரு 10 அடிங்க. தடம் நடுவுக்கு வந்து, பந்தும் நேரானா நீளம்தான் வில்லன். ஷாஃப்டை மேல்முனையில, கிரிப் பக்கம், அரை இஞ்ச் வெட்டலாம். டிப் பக்கம், அதாவது தலைப் பக்கம், கை வைக்காதீங்க, விறைப்பு மாறிடும். நீளம் குறையும்போது கிளப் கொஞ்சம் படுக்கையாவும் நடந்துக்கும், ஆக ரெண்டு கோளாறும் ஒண்ணாத் தணியும். ஆனா அரை இஞ்சுக்கு ஸ்விங்வெயிட் (வீசும்போது தலை கனமாத் தெரியற அளவு) 3 புள்ளி இறங்கும். புள்ளிக்கு 2 கிராம் கணக்குல, 6 கிராம் ஈயப் பட்டை தலையோட அடியில ஒட்டுங்க. ஒட்டலைன்னா தலை எங்க இருக்குன்னே கைக்குத் தெரியாது.

உயரப்_பறவை:
37 டிகிரி இறக்கத்தை யாருமே கண்டுக்கல. 40-ஐ ஒட்டி வரலன்னா கிரீன்ல (குழி இருக்கிற மழமழப்பான புல்தரையில) விழுந்து பின்னாடி ஓடிடும். இந்த வேகத்துக்கு 22 ஹைபிரிட்டுக்குப் பதிலா 21 டிகிரி 7-வுட்டைப் பாக்கச் சொல்வேன். உசரமாப் போகும், செங்குத்தா இறங்கும்.

பதினாலு_கிளப்:
ஃபேர்வேயில (குட்டையா வெட்டின புல்லுல) சரி. ரஃப்ல (வளர்ந்த புல்லுல) 7-வுட்டோட அகலமான அடிப்பாகம் புல்லுல மாட்டும், ஹைபிரிட் அறுத்துட்டுப் போகும். தவிர 7-வுட் 41.5 இஞ்ச் பக்கம் வரும். 40.5-லயே ஹீல்ல அடிக்கறவருக்கு அது மருந்தா? இறக்கம் குறையறதுக்குப் பந்தை வைக்கிற இடமும் காரணமா இருக்கலாம். பந்தைத் தூக்கிவிடறேன்னு பின்னாடி சாஞ்சு அடிச்சா முகத்தோட கீழ்விளிம்புல படும், எழும்பாது. பந்து இடது குதிகாலுக்கு ரெண்டு பந்து அகலம் உள்ள இருக்கட்டும். அயர்ன் மாதிரி லேசாக் கீழ்நோக்கி அடிச்சு, பந்தைத் தாண்டினதும் புல்லைத் தடவணும். டீ (பந்தை நிறுத்தற சின்ன ஆப்பு) போட்டா கால் இஞ்ச் உயரம் போதும்.

லை_ஆங்கிள்:
7-வுட் விஷயத்துல நானும் இவர் பக்கம்தான். சுழற்றி மாத்துற ஸ்லீவ் (ஷாஃப்டும் தலையும் சேர்ற இணைப்பு) இருக்கிற ஹைபிரிட்னா இன்னொரு வழி: லாஃப்டைக் கூட்டினா முகம் மூடும், குறைச்சா திறக்கும். இடது பக்கம் போறவர் உசரம் வேணும்னு லாஃப்டைக் கூட்டிவெச்சா இழுப்பு இன்னும் அதிகமாகும். அதனால 22-ஐ 24 ஆக்கறதை விட 26 டிகிரித் தலையையே வாங்கறது மேல். ஸ்லீவ் எந்த நிலையில இருக்கணுங்கறதை முதல் அடிக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. ரவுண்டுக்கு நடுவுல சாவியை எடுத்துத் திருப்ப கோல்ஃப் விதி 4.1 இடம் குடுக்காது.

மணற்குழி:
அரை இஞ்ச் கீழே பிடித்ததில் 10-ல் 6 நடுவில். கோட்டு அச்சின் மேல்முனை இன்னும் கொஞ்சம் டோ பக்கம் சாய்கிறது. கேரி 156, இரண்டு யார்டுதான் இழப்பு. முதலில் 26, பிறகு 39.5 இஞ்சில் ஒரு 22 தேடுகிறேன். 5-அயர்ன் பையிலிருந்து எடுத்தாகிவிட்டது.