எஸ்ஸெரே கேட்கும் வினைகளுக்கு என்ன பெயர்?

இத்தாலியப் பாடக்குறிப்புக்கு ஒரு சொல் வேண்டும். கூட்டுக் காலங்களில் துணைவினை அவேரேயா (உடைமையைக் குறிப்பது) எஸ்ஸெரேயா ('இரு') என்பதை முதன்மை வினைதான் தீர்மானிக்கிறது. எஸ்ஸெரே கேட்பவற்றைத் 'தன்வினை' எனலாமா? லா ஃபெஸ்தா எ ஃபினீத்தா (விழா முடிந்தது), ஓ ஃபினீத்தோ இல் லிப்ரோ (புத்தகத்தை முடித்தேன்). தன்வினை, பிறவினையோடு அப்படியே பொருந்துகிறதே.

> 'தன்வினை' எனலாமா?

வேண்டாம் ஐயா. முடி, உடை போன்ற இணைகளோடு அந்தப் பொருத்தம் நின்றுவிடும். நட, தூங்கு, சிரி மூன்றும் தன்வினைதான், செயப்படுபொருளும் இல்லை. ஆனால் ஓ கம்மினாத்தோ, ஓ தொர்மீத்தோ, ஓ ரீஸோ என்று மூன்றும் அவேரேயைத்தான் ஏற்கின்றன. 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதிலுள்ள 'இரு'வை நம்பி மாணவர்கள் ஏற்கெனவே 'சோனோ மஞ்ஜாத்தோ' என்று எழுதுகிறார்கள். அதற்கு 'நான் தின்னப்படுகிறேன்' என்று பொருள். தவறான பெயரும் சேர்ந்தால் குழப்பம் கூடும்.

எழுவாய் ஒன்றைச் செய்கிறதா, எழுவாய்க்கு ஒன்று நேர்கிறதா என்பதே கோடு. மொழியியலாளர் பெர்ல்மட்டர் 1978இல் முன்வைத்த பிரிவு இதுதான். விழு, பிற, சா எல்லாம் நேர்பவை. 'நேர்வினை' என்றால் நேர்க்கூற்று நினைவில் வந்து 'நேரடி வினை' என்று படிப்பார்கள். 'படுவினை' செயப்பாட்டுவினையோடு மோதும். 'எய்துவினை' என்பது என் பரிந்துரை. நட, சிரி வகைக்கு 'ஆற்றுவினை'.

சோதிக்க, இறந்தகால எச்சத்தைப் பெயருக்கு அடையாக்குங்கள். லே ஃபோல்யே கதூத்தே (விழுந்த இலைகள்) நிற்கும். இல் ரகாட்ஸோ ரீஸோ (சிரித்த பையன்) நிற்காது. தமிழில் இரண்டுமே இயல்பு என்பதால் இங்கே தமிழ்க் காதை நம்ப முடியாது.

> 'எய்துவினை' என்பது என் பரிந்துரை

ஏற்கிறேன் அம்மா. ஓடு என்பதற்கும் இது அழகாகப் பொருந்துகிறது: ஓ கோர்ஸோ (ஓடினேன்), ஆனால் சோனோ கோர்ஸோ அ காஸா (வீட்டுக்கு ஓடினேன்). சேருமிடம் வந்ததும் ஆற்றுவினை எய்துவினை ஆகிவிடுகிறது. ஆனால் தூராரே (நீடி), கொஸ்தாரே (விலையாகு) எதை எய்துகின்றன? இல் ஃபில்ம் எ தூராத்தோ தூயே ஓரே: படம் இரண்டு மணி நேரம் ஓடியது. இதுவும் எஸ்ஸெரேதானே.

> எதை எய்துகின்றன?

எதையும் இல்லை ஐயா. அவற்றை 'நிலைவினை' என்று தனிப் பட்டியலாக்குவோம். பியாச்சேரேயும் (மனத்துக்குப் பிடி) அதில் சேரும். லவார்ஸி (தன்னைக் கழுவிக்கொள்) போன்ற தற்சுட்டு வினைகளை இதில் கலக்க வேண்டாம். அவை விதிவிலக்கின்றி எஸ்ஸெரே. பட்டியலின் தலைப்பிலேயே ஈறு மாற்றத்தையும் போட்டுவிடுங்கள்: எஸ்ஸெரே வந்தால் எச்சம் எழுவாயோடு இயையும். அவன் போனான், எ அந்தாத்தோ. அவள் போனாள், எ அந்தாத்தா. துணைவினையைச் சரியாகப் போட்டவர்களும் இந்த ஈற்றில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள்.