நியூயார்க் தெருவில் குறும்படம்: பெர்மிட் எப்போது வேண்டும், வேனை எங்கே நிறுத்துவது?

ஜெர்சி_கேமரா:
வணக்கம் நண்பர்களே. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். சின்னதாக ஒரு தமிழ்க் குறும்படம் எடுக்கப் போகிறோம். நடிக்க இரண்டு பேர், கேமராவுக்குப் பின்னால் நாலு பேர். மூன்று இடங்கள். குயின்ஸ் பகுதி ஜாக்சன் ஹைட்ஸ் 74-ஆம் தெருவில் ஒரு மளிகைக் கடையும் அதன் வாசலும், புரூக்ளினின் டம்போவில் மன்ஹாட்டன் பாலம் பின்னால் தெரியும் வாஷிங்டன் தெரு, அப்புறம் சப்வே ரயிலுக்குள் ஒரு காட்சி.

சாமான்கள்: கேமரா, டிரைபாட், ஸ்டாண்டோடு இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு குட்டி ஜெனரேட்டர். எல்லாவற்றையும் ஏற்ற ஒரு வாடகை வேன். "டிரைபாடைத் தரையில் வைத்தாலே பெர்மிட் கட்டாயம்" என்கிறார் ஒருவர். "ஆள் குறைவு என்றால் எதுவும் வேண்டாம்" என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? பெர்மிட் வாங்கினால் எங்கள் கார்களையும் அதே தெருவில் நிறுத்திக்கொள்ளலாமா? ஒரு பார்க்கிங் டிக்கெட் வந்தால்கூடத் தாங்காத பட்ஜெட்.

லொகேஷன்_அக்கா:
தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. தலையை எண்ணி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. தெருவில் எவ்வளவு இடத்தை நீங்கள் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கையில் பிடித்த கேமரா, அதைத் தாங்குகிற டிரைபாட், இதோடு நின்றால் பொதுத் தெருவிலும் நடைபாதையிலும் பெர்மிட் கட்டாயம் இல்லை. ஆனால் நடைபாதையில் மக்கள் போக எட்டு அடியாவது விட வேண்டும், "இந்தப் பக்கம் வராதீங்க, ஷாட் போகுது" என்று யாரையும் தடுக்கவும் கூடாது. வாயால் தடுத்தாலும் அந்த இடத்தை உங்களுக்கென்று பிடித்ததாகத்தான் கணக்கு.

இனி உங்கள் பட்டியலைப் பாருங்கள். விளக்கு ஸ்டாண்டு, தரையில் ஓடும் கேபிள், ஜெனரேட்டர் எல்லாம் "கையில் எடுத்துப் போகும் கருவி" என்ற வரையறைக்கு வெளியே. படப்பிடிப்புக்கென்று வேனுக்கு இடம் ஒதுக்கச் சொன்னாலும் அப்படியே. அந்த நிமிடமே மேயரின் திரைப்பட அலுவலகத்தில் பெர்மிட் வாங்க வேண்டும், ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழில் நியூயார்க் நகரத்தையும் காப்பீடு பெறுபவராகச் சேர்த்திருக்க வேண்டும். பலருடைய விண்ணப்பம் இந்த ஒரு வரியில்தான் சிக்கிக்கொள்கிறது. ஏஜென்டிடம் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். உங்களில் யாராவது இப்போது கல்லூரியில் திரைப்படம் படிக்கிறவர் என்றால் கல்லூரியின் காப்பீட்டிலேயே வர வழி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கார் விஷயம்: முடியாது. பெர்மிட்டில் கிடைக்கும் பார்க்கிங், கருவி ஏற்றிய வேலை வண்டிகளுக்கு மட்டும். நடிகர் கார், டைரக்டர் கார் எதற்கும் சலுகை இல்லை. பெர்மிட் இருந்தாலும் ஹைட்ரன்டுக்கு (தெருவோரத் தீயணைப்புக் குழாய்) இரண்டு பக்கமும் 15 அடி, பஸ் நிறுத்தம், பாதசாரிக் கடப்பு இங்கெல்லாம் வேன் நிற்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு உட்காரவும் கூடாது. மூன்று நிமிடம்தான் கணக்கு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடம் என்றால் ஒரே நிமிடம்.

குயின்ஸ்வாசி:
நான் சினிமாக்காரன் இல்லை. அடிக்கடி ஷூட்டிங் நடக்கிற தெருவில் குடியிருக்கிறவன். அதனால் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கிங் பிடிக்கிற படக்குழு குறைந்தது 48 மணி நேரம் முன்னால் அறிவிப்புத் தாள் ஒட்ட வேண்டும். மழையில் நனைந்து கிழிந்த தாளை யாரும் வாசிப்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பினால் காரைக் காணோம். படப்பிடிப்புக்காக இழுத்த காரைப் பக்கத்துத் தெருவில்தான் விடுவார்கள், நகரத்தின் உதவி எண்ணான 311-இலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ கேட்டால் இடம் சொல்வார்கள். ஆனாலும் குழந்தையைப் பள்ளியில் விட வேண்டிய காலையில் அது பெரிய அவஸ்தை.

பெர்மிட் இல்லாமல் ஆரஞ்சுக் கூம்பு வைத்து இடம் பிடிக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சட்டப்படியும் தப்பு, அக்கம்பக்கத்தாரின் கோபமும் மிஞ்சும்.

ஜெர்சி_கேமரா:
மிக்க நன்றி அக்கா, நன்றி சார். ஜெனரேட்டரையும் ஸ்டாண்டையும் விட்டுவிட்டு, கேமரா மேலேயே பொருத்தும் பேட்டரி விளக்கும் வயர்லெஸ் மைக்கும் வைத்து எடுத்தால் போதுமா? கடைக்குள் எடுப்பதற்கும் நகரத்திடம் கேட்க வேண்டுமா?

லொகேஷன்_அக்கா:
அதுதான் புத்திசாலித்தனமான வழி. கடை தனியார் இடம். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினால் போதும், விளக்கு ஸ்டாண்டெல்லாம் தாராளமாக உள்ளே வைக்கலாம். கேபிள் வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் காட்சியைக் கையில் இருக்கும் கேமராவோடு எடுங்கள்.

கட்டாயம் இல்லாதவர்களுக்கும் விருப்பப் பெர்மிட் என்று ஒன்று தருகிறார்கள். அதற்குக் காப்பீடு கேட்பதில்லை. காவலர் யாராவது வந்து கேட்டால் நீட்ட ஒரு தாள் கையில் இருப்பது நல்லது, குறிப்பாக டம்போவில். அங்கே கல்யாண போட்டோ எடுப்பவர்களும் சுற்றுலாப் பயணிகளும் எப்போதும் மொய்ப்பார்கள். விடிந்ததும் போய்விடுங்கள், வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

பொம்மைத் துப்பாக்கி, போலீஸ் யூனிஃபார்ம் எதுவும் கதையில் இல்லையே? இருந்தால் கேமரா எவ்வளவு சின்னதானாலும் பெர்மிட் கட்டாயம். நகரக் காவல் துறையின் திரைப்படப் பிரிவும் உடன் இருக்க வேண்டும்.

ஆவணப்பட_ரசிகை:
டிரைபாட் வரை இப்படிச் சலுகை கிடைத்ததற்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். 2005-இல் இந்திய ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் ஷர்மா மன்ஹாட்டன் தெருவில் சின்னக் கேமராவோடு படம் எடுத்தபோது காவலர்கள் பிடித்து வைத்து விசாரித்தார்கள். அவர் நியூயார்க் சிவில் உரிமை அமைப்பின் துணையோடு வழக்குப் போட்டார். அதற்குப் பிறகுதான் விதிகளை எழுத்தில் வைக்க நகரம் ஒப்புக்கொண்டது. 2007-இல் வந்த முதல் வரைவு மோசம். இரண்டு பேர் ஓரிடத்தில் அரை மணி நேரம் கேமராவோடு நின்றாலே பெர்மிட்டும் காப்பீடும் வேண்டும் என்றது. படம் எடுப்பவர்களும் புகைப்படக்காரர்களும் பெரிதாக எதிர்த்த பிறகு திருத்தி, 2008-இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கையில் கேமரா மட்டும் வைத்திருக்கும்போது யாராவது மிரட்டினால் பயப்படாமல், மரியாதையாக விதியைச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

ஜெர்சி_கேமரா:
இது தெரியாது, நன்றி மேடம். வேன் இனி வேண்டாம். ஒரு காரில் சாமான்களைக் கொண்டுவந்து கட்டணப் பார்க்கிங்கில் விடுகிறோம், மற்றவர்கள் ரயிலில். சப்வே காட்சிக்கும் மேயர் அலுவலகப் பெர்மிட்தானா?

லொகேஷன்_அக்கா:
இல்லை, சப்வே எம்.டி.ஏ. என்ற போக்குவரத்து ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அது மாநில நிறுவனம். நகரத்தின் பெர்மிட் அங்கே செல்லாது. ரயிலிலும் நிலையத்திலும் படம் எடுப்பதை அவர்கள் விதி அனுமதிக்கிறது. ஆனால் விளக்கு, ரிஃப்ளெக்டர், டிரைபாட் மூன்றும் கூடாது. தெருவில் சரியான டிரைபாட் நிலையத்துக்குள் நுழைந்ததும் தப்பாகிவிடும். பையில் மடித்து வைத்துவிட்டு, கேமராவைக் கையிலேயே பிடித்து எடுங்கள். ஜாக்சன் ஹைட்ஸில் 7-ஆம் எண் ரயில் மேம்பாலத்தில் ஓடுவதால் பகலில் ஜன்னல் வெளிச்சமே போதும். பயணிகளின் வழியை மறிக்காத மாதிரி பெட்டியின் கடைசி மூலையில் நில்லுங்கள். மாலை நெரிசலில் வேண்டாம், ஞாயிறு காலை போங்கள்.

ட்ரோன் ஆசை யாருக்காவது இருந்தால் தனியாகக் கேளுங்கள். 2023 ஜூலையிலிருந்து அதற்கு நகரக் காவல் துறையிடம் வேறு பெர்மிட், 30 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும்.