எம்சி-சிடிஎம்ஏ: யூசர் கூடினா பிட் எரர் இறங்க மாட்டேங்குது, கோடு காரணமா?

செம்பனைக்காட்டுப் பையன்:
வணக்கம் அண்ணே, அக்கா. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எம்சி-சிடிஎம்ஏ (ஒவ்வொரு யூசர் டேட்டாவையும் தனித்தனி கோடால பெருக்கி, பல சப்கேரியர்ல, அதாவது சின்னச் சின்ன அலைவரிசையில, ஒண்ணா அனுப்பற முறை) சிமுலேஷன் பண்றேன், செம் லீவுல சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டுல இருக்கேன், கேட்க இங்க யாரும் இல்ல. வால்ஷ்-ஹடமார்ட் கோடு (1, -1 மட்டும் வர்றது), நீளம் 8. ஒரு யூசர்னா அருமையா ஓடுது, 8 பேரையும் ஏத்தினா பவரை எவ்வளவு கூட்டினாலும் பிட் எரர் ஒரு அளவோட நின்னுடுது. சப்கேரியர் இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ், 32 சப்கேரியருக்கு ஒரு பைலட் (வழியில சிக்னல் எப்படி மாறுதுன்னு, அதாவது சேனலை, அளக்க அனுப்பற தெரிஞ்ச சிக்னல்), கடைசி எக்கோ 3 மைக்ரோசெகண்ட் லேட்டா வருது, ரிசீவர்ல வந்த சிக்னலை சேனலால வகுக்குறேன். ஸடோஃப்-சூங்கற வேற வகை கோடுக்கு மாறலாமா?

ஈப்போ அண்ணன்:
கோடை மாத்தாத தம்பி. சின்னதா நீளம் 4 எடுத்து கையால போட்டுப் பாரு. ஒரு யூசருக்கு 1, 1, 1, 1, இன்னொருத்தருக்கு 1, -1, 1, -1. பெருக்கிக் கூட்டினா பூஜ்யம், ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குக் கேக்காது. இப்ப நாலு சப்கேரியர்ல சேனல் 1, 0.2, 0.9, 0.3னு வெச்சுக்கோ, அதையும் சேர்த்துப் பெருக்கிக் கூட்டினா 1.4 வருது, அவ்வளவும் அடுத்த யூசரோடது. எந்த ஆர்த்தகனல் கோடா (இப்படிப் பெருக்கிக் கூட்டினா பூஜ்யம் வர்றது) இருந்தாலும் இதே கதைதான். சேனலைச் சரியா கண்டுபிடிச்சு வகுத்தாத்தான் அந்தப் பூஜ்யம் திரும்பி வரும், உன் எஸ்டிமேஷன்தான் எங்கயோ தப்பா வருது.

பைலட் அக்கா:
பைலட் ரொம்ப தூரம் தள்ளி இருக்குப்பா. 3 மைக்ரோசெகண்ட்னா 900 மீட்டர் கூடுதலா சுத்தி வந்த சிக்னல், நம்ம பக்கத்து சுண்ணாம்புக்கல் மலையில பட்டு வந்தாலே அவ்வளவு வரலாம். அதைப் பிடிக்க பைலட் இடைவெளி 333 கிலோஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும், உன்னுது 32 பெருக்கல் 15, 480 ஆயிடுச்சு, அதனால எக்கோ வேற இடத்துல இருக்கற மாதிரி தெரியும், இன்டர்பொலேஷன் (பைலட்டுக்கு நடுவுல இருக்கறதைக் கணிச்சு நிரப்பறது) என்ன பண்ணாலும் சரியாகாது. 8 சப்கேரியருக்கு ஒண்ணு வை. எல்டிஇல (4ஜி மொபைல்) ஒரு ஆன்டெனாவுக்கு ஒரு சிம்பல்ல 6க்கு ஒண்ணு. ஸடோஃப்-சூவைப் பைலட்டுக்குப் போடு, அதோட அளவு எங்கயும் மாறாம இருக்கும், எல்டிஇ அப்லிங்க்லயும் (போன்லருந்து டவருக்குப் போறது) ரெஃபரன்ஸ் சிக்னலுக்கு, அதாவது பைலட்டுக்கு, அதான்.

செம்பனைக்காட்டுப் பையன்:
8 வெச்சதும் இறங்கிடுச்சு அக்கா! ரொம்ப நன்றி. ஆனா பவர் குறைவா இருக்கறப்ப இன்னும் மோசம்தான்.

ஈப்போ அண்ணன்:
அது வகுக்கறதால லா. 0.2 இருக்கற சப்கேரியரை வகுத்தா நாய்ஸும் 5 மடங்கு ஏறும். எம்எம்எஸ்இ (நாய்ஸையும் கணக்குல சேர்த்து மொத்தப் பிழையைக் குறைக்கற முறை) போடு: சேனலை, சேனல் வர்க்கம் கூட்டல் நாய்ஸ் பவரால வகு. சிக்னல் பவர் 1, நாய்ஸ் 0.1னா அந்த இடத்துல 5க்குப் பதில் 1.43தான் வரும். ஒரு யூசரோட 8 சிப்பையும் (கோடோட 8 துண்டு) பக்கத்து பக்கத்து சப்கேரியர்ல அடுக்காம தள்ளித் தள்ளிப் பரப்பு, ஒரு பக்கம் சேனல் விழுந்தாலும் மறுபக்கம் தாங்கும்.