நிலம் காட்ட வந்தவர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து

நிலமோ மனையோ வாங்கப் போனபோது தரகர்களிடம் உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, அதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர் என்ன சொல்லியிருந்தால் அவரிடமே வாங்கியிருப்பீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். என் மச்சான் இந்தத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறான். அவனுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

முதலில் என் கதை. ஓசூர்–தர்மபுரி நாலுவழிச் சாலை ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வந்த பிறகு எங்கள் பக்கம் டீக்கடைக்கு நாலு தரகர். நான் ஒன்றரை ஏக்கர் தோட்டம் தேடிக்கொண்டிருந்தேன். போனில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "அருமையான செம்மண் பூமி சார், ரோட்டை ஒட்டியே சார், நேர்ல வாங்க சார்." விலை கேட்டால் "நேர்ல பேசிக்கலாம்". சர்வே நம்பர் கேட்டால் சிக்னல் போய்விடும். நேரில் போனால் ரோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே மூன்று பேருடைய காடு இருக்கும். தடம் இருக்கிறதா என்றால், "காலங்காலமா வண்டி போயிட்டுதானே இருக்குது" என்பார்கள். போகிறது, சரி. நாளைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் கல் நட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்கு மட்டும் பதில் வராது.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. நான் கேட்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுகிற சர்வே வரைபடத்தை, அனுப்பினார். அதில் வண்டிப்பாதை புள்ளிக்கோடாக இருந்தது. அடுத்து ஒரு வீடியோ. மெயின் ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தவர் எங்கேயும் வெட்டாமல் நிலம் வரைக்கும் எடுத்திருந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விழுவதைச் சும்மா காட்டிக்கொண்டே நின்றார். பாட்டு இல்லை, டிரோன் இல்லை. அப்புறம் போனில் சொன்னார்: "மேற்கு மூலையில பாறை சார், பத்து சென்ட்டு உழவுக்கு ஆகாது. மோட்டாருக்கு ஃப்ரீ கரண்ட் சர்வீஸ் இருக்குது, ஆனா இன்னும் அவங்க தாத்தா பேர்ல. மாத்தணும்னா வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணும், ஒருத்தர் திருப்பூர்ல இருக்காரு."

அந்த நிலத்தை நான் வாங்கவில்லை. சர்வீஸ் சிக்கல் எனக்கு ஒத்துவராது. ஆனால் அதற்குப் பிறகு வேறு தரகர் யாருக்கும் போன் செய்யவில்லை. ராயக்கோட்டைப் பக்கம் அவர் காட்டிய இன்னொரு நிலத்தைத்தான் கிரயம் செய்தேன். கமிஷனில் பேரம் பேசவும் மனசு வரவில்லை.

ஓசூர், பாகலூர் ரோட்டிலிருந்து

இங்கே தோட்டக் கதை இல்லை, மனைக் கதை. அளவிலேயே குழப்பம் ஆரம்பிக்கும். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் குண்டாவில் கேட்பார்கள், உள்ளூரில் சென்ட், லே-அவுட் போட்டவர் சதுரடி, பட்டாவில் ஹெக்டேர்–ஏர். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட். முப்பதுக்கு நாற்பது மனை என்றால் 1,200 சதுரடி, அதாவது 2.75 சென்ட், ஒரு குண்டாவுக்குக் கொஞ்சம் மேலே. இதை ஒரு வரியில் எழுதி அனுப்புகிற தரகரை நான் பார்த்ததே அபூர்வம். விலையை மட்டும் எந்த அளவில் சொன்னால் சின்னதாகத் தெரியுமோ அந்த அளவில் சொல்லுவார்கள்.

2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருடத்துக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகிற அளவுக்கு விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் அல்லவா? அன்றிலிருந்து ஒவ்வொரு தரகருக்கும் ஒரு ரன்வே. சூளகிரியில் மனை வைத்திருப்பவருக்கு சூளகிரியில் இறங்குகிறது, பேரிகைக்காரருக்கு பேரிகையில், தளிக்காரருக்குத் தளியில். "பத்து நிமிஷம் சார்" என்பார்கள். எங்கிருந்து பத்து நிமிஷம் என்று கேட்டால் கோபம் வேறு.

கடைசியில் நான் வாங்கியது ஒரு அக்கா மூலமாக. வீட்டிலிருந்தே இந்த வேலையைப் பார்க்கிறார். விமான நிலையப் பேச்சை நான்தான் எடுத்தேன். அவர் சொன்னது: "அறிவிப்பு வேற, விமானம் வேறங்க. பெங்களூர் ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 2033 வரைக்கும் 150 கிலோமீட்டருக்குள்ள இன்னொண்ணு வரக்கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்குது. அதைத் தளர்த்தினா உண்டு. அதை நம்பி வாங்காதீங்க. சிப்காட் தொழிற்பேட்டையில வேலைக்கு வர்றவங்க வாடகைக்கு இருப்பாங்க, அந்தக் கணக்குப் போட்டு வாங்குங்க." இப்படிப் பேசி எப்படி விற்கிறார் என்று முதலில் எனக்கே தோன்றியது.

அப்புறம் ஒரு பேப்பரில் மொத்தச் செலவையும் எழுதினார். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், பத்திரம் எழுதக் கூலி, அவருடைய கமிஷன், பட்டா மாறுதல். பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்று யாரோ சொன்னார்களே என்று என் மனைவி கேட்டாள். "அது 2025 ஏப்ரல்ல இருந்து இருக்குது, ஆனா பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தாம்மா. இந்த மனைக்கு வராது" என்றார். அலைந்த காலத்தில் வேறு எந்தத் தரகர் வாயிலிருந்தும் "வராது" என்ற சொல்லை நாங்கள் கேட்டதில்லை.

கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும் என்றும் அவரே சொன்னார். வாங்குகிறோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தரகர்

நானும் இதே தொழில்தான், கல்லெறிய வேண்டாம். சர்வே நம்பரை ஏன் மறைக்கிறார்கள் என்று யாரும் எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன்.

ஒரு நிலத்துக்கு ஐந்து தரகர் ஓடுவார்கள். நிலத்துக்காரர் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார், எல்லாம் வாய்வார்த்தை. நான் சர்வே நம்பரைச் சொன்னால் பார்ட்டி அரசு தளத்தில் போட்டுப் பட்டாதாரர் பெயரை எடுத்து, ஊரில் விசாரித்து, நேராக அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். பெட்ரோல் என்னுடையது, கிரயம் அவர்களுடையது. இந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் மறைப்பதால் என்ன கிடைக்கிறது? போகிற பார்ட்டி எப்படியும் போகிறார். நின்று யோசித்து வாங்குகிற நல்ல பார்ட்டிதான் சந்தேகப்பட்டு விலகுகிறார். அதனால் நான் வேலையை மறுபக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நிலத்துக்காரரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு பேப்பர் எழுதிக்கொள்கிறேன். இந்த விலை, இந்தக் கமிஷன், இந்தத் தேதிக்குள் நான் அழைத்துவந்த ஆள் எந்த வழியாக வாங்கினாலும் கமிஷன் உண்டு, அவ்வளவுதான். எழுதித் தராதவர் நிலத்தை எடுப்பதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் சர்வே நம்பரை ஊரறியச் சொல்லலாம்.

பார்ட்டிக்குக் காட்டுவதற்கு முன்பே பட்டா, அ-பதிவேடு (ஊர் நிலப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் இறக்கி, ஈசியும் (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்துவிடுவேன். எல்லாமே வீட்டில் உட்கார்ந்து பார்க்கக்கூடியவைதான். பட்டாவில் ஒரு விஸ்தீரணம், பத்திரத்தில் ஒரு விஸ்தீரணம் என்று இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு கிளியர் ஃபைலில் போட்டு பார்ட்டி கையில் கொடுத்துவிடுவேன். "இதை உங்க வக்கீல்கிட்ட காட்டிட்டு அப்புறம் நிலத்தைப் பார்க்க வாங்க" என்றால் பாதிப் பேர் திகைக்கிறார்கள். வெட்டியாக ஊர் சுற்றிப் பார்க்கிற கூட்டம் இதிலேயே வடிந்துவிடும், அது எனக்கு மிச்சம்.

போட்டோ விஷயமும் ஒன்று. கார்த்திகையில் மழை முடிந்து பச்சைப்பசேல் என்று இருக்கும்போது எடுத்த படத்தைச் சித்திரையில் காட்டுவது இங்கே பழகிப்போன வித்தை. நான் இரண்டு காலத்திலும் எடுத்துவைத்து, மாதம் போட்டு அனுப்புகிறேன். காய்ந்த படத்தைப் பார்த்து ஓடுகிறவர் எப்படியும் சித்திரையில் நேரில் வந்து ஓடத்தான் போகிறார்.

மாந்தோப்பு கேட்டு வருகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் தோப்பு பார்க்கிற பெங்களூர் ஆட்கள் மரத்தை எண்ணி, மரத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக்கொண்டே நடப்பார்கள். பெங்களூரா ரக மரம் பெரும்பாலும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். ஃபேக்டரிக்காரர்கள் அந்த சீசனில் என்ன விலைக்கு எடுக்கிறார்களோ அதுதான் விலை. விழுந்த வருடத்தில் பறிகூலிகூடக் கட்டாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவேன். எத்தனை மரம் செந்தூரா, எத்தனை அல்போன்சா, எது காய்ப்பு நின்ற கிழட்டு மரம் என்று பிரித்தும் கொடுத்துவிடுவேன்.

அரூரிலிருந்து

ஆசிரியை நான், வீட்டுமனை தேடிய அனுபவம். எங்களுக்குக் காட்டியது "பஞ்சாயத்து அப்ரூவல்" மனை. லே-அவுட்டுக்கு நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி, அனுமதி வேண்டும். பஞ்சாயத்து ரசீது அதற்கு ஈடாகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போட்ட மனைப்பிரிவா, வரன்முறைப்படுத்தியாகிவிட்டதா என்று கேட்டதற்கு அந்தத் தரகர், "டீச்சர், நீங்க ரொம்பக் கேக்கறீங்க" என்றார். அதோடு முடிந்தது.

இன்னொருவர் காட்டிய இடம் விலை ஆச்சரியமாகக் குறைவு. ஊரில் ஒரு பெரியவர்தான் ரகசியமாகச் சொன்னார், அது டிசி நிலம் என்று. வெள்ளைக்காரன் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். பட்டியல் இனத்தவர் அல்லாத எங்களுக்கு அதை விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. சட்டத்தை விடுங்கள், யாருக்காகக் கொடுத்ததை யார் வாங்குவது? அந்தத் தரகருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தண்ணீரைப் பற்றியும் யாராவது தரகர் வாய் திறக்க வேண்டும். "எட்டுநூறு அடியில தண்ணி" என்று ஆழத்தைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் மாவட்ட போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று குழந்தைகளின் பல்லைப் பார்க்கிற எனக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே அதற்காகத்தானே கொண்டுவந்தார்கள். 2013-லிருந்து அந்தத் தண்ணீர் வருகிறது, ஆனால் இந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதுதான் கேள்வி. ஒரு பாட்டில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்ற சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மனை காட்டினால் நான் அவரிடம்தான் போவேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து

சுருக்கமாக. காட்டை ஒட்டிய நிலத்தை "ஃபாரஸ்ட் வியூ" என்று விற்கிறார்கள். ராகி முற்றுகிற நேரத்தில் ஜவளகிரி வழியாக யானை வரும் என்பதையும் அந்த வியூவில் சேர்த்துச் சொல்லலாம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து

எல்லோரும் வாங்குகிறவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். நான் விற்றவன். என் தரகர் குறையையெல்லாம் முதலிலேயே கொட்டிவிட்டார். கிணறு கோடையில் வற்றும், வடக்குப் பக்கம் தம்பியோடு பாகப்பிரிவினை பதியவில்லை, எல்லாம். எனக்குக் கடுப்புதான். ஏக்கருக்குக் கேட்ட விலை கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே சமயத்தில் அதிக விலைக்கு அட்வான்ஸ் வாங்கினார், பார்ட்டி வக்கீலிடம் போனதும் அவருடைய பாகப்பிரிவினைச் சிக்கல் வெளியே வந்து, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் கிணற்று விஷயத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து மறுபடியும்

மச்சான் படித்துவிட்டான். கிருஷ்ணகிரி அண்ணாவிடம் கேட்கச் சொல்கிறான்: எழுதித் தர மாட்டேன் என்கிற நிலத்துக்காரரிடம் என்ன பேசுவீர்கள்? சொந்தக்காரரே அப்படிச் சொன்னால்?

கிருஷ்ணகிரி தரகர்

சொந்தக்காரர் என்றால் முதலில் அவரிடம்தான் எழுதி வாங்க வேண்டும், பின்னால் பேச்சு வராது. மற்றவர்களிடம் நான் சொல்வது இதுதான்: "எழுதிக் கொடுத்தா படம், வீடியோ, புலப்படம், தண்ணி டெஸ்ட் எல்லாம் என் செலவு. விக்கலேன்னா பைசா கேக்க மாட்டேன்." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அட்வான்ஸ் பேசும்போது இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வேண்டாம், பேங்க் வழியாகவே போகட்டும் என்றும் தம்பியை அப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

லே-அவுட் மனை பக்கம் போகிற எண்ணம் இருந்தால் முதலில் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், தரகராகப் பதிந்துகொள்ளட்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவாகியிருக்க வேண்டும், அதை விற்றுத் தருகிறவரும் பதிந்திருக்க வேண்டும், தன் எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் போட வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. தோட்டம், காடு மட்டும் என்றால் இப்போதைக்கு நிலத்துக்காரர் எழுதித் தருகிற பேப்பர் போதும். மாதிரி வேண்டுமானால் என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன், ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.