தகரப் பெட்டியில் கிடைத்த பழைய தூண்டில் உதிரிகள்: இவை எந்த லூரின் பாகங்கள்?

நாணல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் காலமான பிறகு அவருடைய பொருள்களை ஒழுங்குபடுத்தும்போது தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. அவர் பல நாடுகளில் வேலை பார்த்தவர். போன இடமெல்லாம் மீன்பிடிப் பொருள்களைச் சேர்த்துவந்தார். பெட்டியில் முழு லூர் (மீனைக் கவரும் செயற்கை இரை) ஒன்றுகூட இல்லை, உதிரிகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றில் ஐந்து வகைகளை என்னால் அடையாளம் காண இயலவில்லை.

முதலாவது, சுண்டுவிரல் நீளமுள்ள உள்ளீடற்ற பித்தளைக் குழல். முன்பக்கம் பருத்து, பின்பக்கம் ஒடுங்கி, பார்ப்பதற்குச் சிறு மீன்போல் இருக்கிறது. முன்பகுதியின் இரு பக்கங்களிலும் எதிரெதிர்த் திசைகளில் திருகிய இரண்டு துடுப்புகள் உள்ளன. தூண்டில் முள்ளை மாட்டுவதற்கான வளையம் எங்குமே இல்லை. இரண்டாவதிலும் இதைப் போன்ற துடுப்புகள் உண்டு. ஆனால் அது வெறும் தலைதான், அதன் பின்விளிம்பில் மக்கிய துணி இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது, வளைந்த உதடு போன்ற தகடு. அதில் பொறித்த எழுத்துகளில் ‘கேரட்’ என்ற ஊர்ப்பெயரும் 1920 என்ற ஆண்டும் தெரிகின்றன. செப்டம்பர் என்பதை அடுத்து வரும் ஒற்றை எண் 7 ஆகவும் இருக்கலாம், 1 ஆகவும் இருக்கலாம். நான்காவது, நடுவில் துளையுள்ள ஆறு குட்டிக் கிண்ணங்கள். ஐந்தாவது, நாயின் உருவம் பொறித்த நீள்வட்டத் தகடு.

இதே போன்ற இன்னொரு தகட்டைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். அதில் ஏதோ எழுத்துகள் இருந்தன. இப்போது ஒன்றும் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் மற்றவற்றைத் தொடாமல் வைத்துவிட்டு இங்கே கேட்கிறேன்.

தக்கை (பதில்):

வணக்கம், நாணல். மற்றவற்றைத் தொடாமல் வைத்தது மிக நல்ல முடிவு. முதலிரண்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

அந்தக் குழல் ‘டெவன் மின்னோ’ எனப்படும் பிரிட்டிஷ் லூரின் உடல். முள் மாட்ட வளையம் இல்லையே என்று நீங்கள் குழம்பியது இயல்புதான், ஏனெனில் டெவனில் முள் உடலோடு இணைந்திருப்பதில்லை. குழலின் நடுவே ஒரு கம்பி செல்லும். அதன் வால்முனையில் மூன்று முனை முள்ளும், முள்ளுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு மணியும், மூக்கின் பக்கம் ஸ்விவலும் (சுழலும் இணைப்பு) இருக்கும். நீரோட்டம் துடுப்புகளில் பட்டதும் உடல் மட்டும் கம்பியைச் சுற்றி வேகமாகச் சுழலும். கம்பி துருப்பிடித்துப் போனாலோ வேறு லூருக்காக உருவப்பட்டாலோ இப்படி வெறும் உடல் மட்டும் எஞ்சிவிடும். பழைய பெட்டிகளில் ‘இது என்ன குழல்?’ என்று கேட்கவைக்கும் பொருள்களில் இதுவே முதன்மையானது என்பது என் அனுபவம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லிய பின்னல் ஊசியைக் குழலுக்குள் செலுத்தி, குழாயிலிருந்து மெதுவாக விழும் நீரில் மூக்கு மேலே இருக்கும்படி பிடியுங்கள்; உடல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியும். டெவன்கள் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் செய்யப்பட்டன. ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டே இருந்தால் தூண்டில் நரம்பு முறுக்கேறிவிடும் என்பதால், நடுவே எதிர்ப்பக்கம் சுழலும் உடலை மாற்றி முறுக்கை அவிழ்ப்பார்கள். ஆகவே உங்கள் பெட்டியில் ஒரே அளவில் இரண்டு உடல்கள் இருந்தால், அவை ஒரு சோடியாக இருக்கக்கூடும்.

இரண்டாவது பொருள் எனக்கு இன்னும் பிடித்தது. அது ‘ஃபேன்டம் மின்னோ’வின் தலை என்று கருதுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் செய்யப்பட்ட பிரவுனின் ஃபேன்டம் இவ்வகையில் பெயர்பெற்றது. தலையும் துடுப்பும் உலோகம். உடலோ வண்ணம் பூசிய பட்டு. பட்டு மக்கிப்போக உலோகத் தலை மட்டும் தங்கிவிடுகிறது. பின்விளிம்பில் ஒட்டியிருக்கும் அந்த இழைகளைத் தயவுசெய்து பிய்த்துவிடாதீர்கள். அந்தத் தலைக்கு இப்போதுள்ள ஒரே சான்று அவைதான்.

ஈயக்குண்டு (பதில்):

உதட்டுத் தகட்டைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியும். கேரட் என்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஊர். ‘பைக்கி மின்னோ’ என்ற மரத்தாலான லூரால் பெயர்பெற்ற கிரீக் சப் நிறுவனம் இயங்கியது அங்கேதான். நீரில் இழுக்கும்போது லூரை ஆழத்துக்கு இறக்கி, அசைந்தாடவைப்பது அந்த உதடு.

எண் 7தான், 1 அல்ல. இதற்குப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவே தேவையில்லை. தகட்டில் இருப்பது காப்புரிமைத் தேதி; அமெரிக்காவில் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதுதான் வழக்கம். 1920 செப்டம்பர் 1 புதன்கிழமை, செப்டம்பர் 7 செவ்வாய்க்கிழமை. 7இன் மேற்கோடு தேய்ந்ததால் அது 1 போலத் தெரிகிறது. தேய்ந்த தேதி எதைப் படித்தாலும் முதலில் அந்த ஆண்டின் நாள்காட்டியைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையாக அமையவில்லையென்றால், படித்ததில் பிழை இருக்கிறது, அல்லது அது அமெரிக்கக் காப்புரிமைத் தேதியே அல்ல. உலோகக் கரண்டி வடிவ லூருக்கு நியூயார்க் மாநிலத்தின் வைட்ஹாலைச் சேர்ந்த ஜூலியோ பியூல் பெற்ற காப்புரிமையின் தேதி 1852 ஏப்ரல் 6, அதுவும் செவ்வாய்க்கிழமைதான்.

ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தகடு செய்யப்பட்ட நாள் அல்ல. காப்புரிமை கிடைத்த பிறகு பல ஆண்டுகள் அதே தேதியைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே ‘1920ஆம் ஆண்டு லூர்’ என்று சொல்ல முடியாது. ‘1920 செப்டம்பருக்கு முந்தையது அல்ல’ என்று மட்டுமே சொல்லலாம்.

தக்கை (பதில்):

கிண்ணங்கள் ஹெடன் நிறுவனத்தின் மர லூர்களைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன். மிச்சிகனின் டோவாஜியாக்கில் இருந்த அந்த நிறுவனம், மரத்தில் சிறு குழி தோண்டி இத்தகைய கிண்ணத்தை அழுத்தி, அதன் நடுத்துளை வழியே வளையத் திருகாணியைச் செலுத்தி முள்ளை மாட்டியது. முள் ஆடும்போது மரத்தையும் வண்ணத்தையும் சுரண்டாமல் கிண்ணம் காத்தது.

ஈயக்குண்டு (பதில்):

இங்கே நான் மாறுபடுகிறேன். கிண்ணத்தின் பயனைத் தக்கை சொன்னது சரிதான். ஆனால் ஹெடன் மட்டுமா கிண்ணம் வைத்தது? ஷேக்ஸ்பியர், சவுத் பெண்ட் போன்ற பிற நிறுவனங்களின் மர லூர்களிலும் கிண்ணங்கள் உண்டு. முழு லூர் கையில் இருந்தால், முள் மாட்டிய முறையைக் கொண்டு ஹெடன் லூரின் காலத்தை ஓரளவு கணிக்கலாம்: முதலில் கிண்ணமும் வளையத் திருகாணியும், பிறகு ‘எல்’ வடிவ இணைப்பு, அதன் பிறகு இரண்டு துண்டுத் தகடு, கடைசியில் மரத்தின் மேற்பரப்பிலேயே திருகப்பட்ட ஒற்றைத் தகடு. கிண்ணம் மட்டும் தனியாக இருக்கும்போது அது தன்னைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். மீன்பிடிப்பவர்கள் உடைந்த லூரிலிருந்து பாகங்களைக் கழற்றி வேறொன்றில் பொருத்துவதும் வழக்கம்.

நாணல், கிண்ணத்தின் விளிம்பில் வண்ணம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? காந்தம் வைத்தால் ஒட்டுகிறதா?

நாணல்:

இருவருக்கும் மிக்க நன்றி. காந்தத்தில் ஆறில் நான்கு ஒட்டவில்லை. மேலே வெண்மையாக இருந்தாலும் தேய்ந்த விளிம்பில் மஞ்சள் தெரிகிறது. அந்த நான்கில் இரண்டின் விளிம்பில் சிவப்பு வண்ணத் துணுக்குகள் இருக்கின்றன. மற்ற இரண்டு கிண்ணங்கள் உறுதியாக ஒட்டுகின்றன, துருவும் பிடித்திருக்கின்றன.

ஊசிச் சோதனையையும் செய்தேன். குழல் தயங்கித் தயங்கிப் பாதிச் சுற்று போனது. பிறகு திடீரென்று விர்ரென்று சுழன்று, என் கைமேல் நீர் தெறித்தது. இடஞ்சுழி. மாமனார் இதை ஏதோ ஓர் ஆற்றில் வீசியிருப்பார் என்று நினைத்தபோது சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

ஈயக்குண்டு (பதில்):

அப்படியானால் அந்த நான்கு நிக்கல் பூசிய பித்தளை. துருப்பிடித்த இரண்டும் எஃகு. ஆறும் ஒரே லூரிலிருந்து வந்தவை அல்ல என்பது இப்போது ஏறத்தாழத் தெளிவு. வெளி விட்டத்தையும் துளையின் அளவையும் அளந்து எழுதிவையுங்கள். நிறுவனத்தின் பெயரை இப்போதைக்கு எழுதவேண்டாம். சிவப்புத் துணுக்குகளை நகத்தால் சுரண்டாதீர்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், கையாண்ட பிறகு கைகளைக் கழுவிவிடுங்கள்.

நாய் பொறித்த தகட்டைப் பொறுத்தவரை, புல்டாக் என்பது ஒஹாயோவின் ஆக்ரனில் இருந்த ஃப்ளூகர் என்ற மீன்பிடிப் பொருள் நிறுவனத்தின் வணிகச் சின்னம். சுற்றியுள்ள எழுத்துகளைப் படிக்க அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தகட்டின் தளத்தோடு தளமாகப் படுக்கவைத்து ஒளி பாய்ச்சுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்துநிற்கும். பாலிஷ் போட்ட தகட்டையும் இப்படிப் பாருங்கள், முழுதும் அழிந்திருக்காது.

நாணல்:

இப்போதுதான் பார்த்தேன். பாலிஷ் போட்ட தகட்டின் வலது ஓரத்தில் நாயின் பின்னங்கால்கள் இரண்டும் தெரிகின்றன. அப்படியென்றால் இரண்டு தகடுகளும் ஒரே நிறுவனத்தினுடையவை. இரண்டையும் ஒரே உறையில் வைத்து, ஒன்று என்னால் தேய்க்கப்பட்டது என்று சீட்டில் எழுதியிருக்கிறேன்.