பாலத்தடி நிழல் கறுக்குதே இல்ல, என்ன பிழை?

வாவிக்கரைப் பொடியன்:
போனில எடுத்த மட்டக்களப்புப் பழைய கல்லடிப் பாலத்தைச் செப்புத் தகட்டில பொறிச்சு அச்செடுக்கப் பாக்கிறன். படத்தை லேசர் பிரிண்டரில ட்ரான்ஸ்பேரன்சி எண்ட கண்ணாடி மாதிரித் தாளில அடிச்சு, டிரை ஃபிலிம் (வெயில் பட்டா இறுகிற படலம்) ஒட்டின தகட்டுக்கு மேல வைச்சுக் கண்ணாடியால அமத்தி, முத்தத்து வெயிலில காட்டினன். மறுகா சோடாத் தண்ணியில கழுவி, செம்பை அரிக்கிற ஃபெரிக் குளோரைடில போட்டன்.

அச்செடுத்தா மூண்டு வில்லங்கம். தோணியில எழுதின நம்பர் இடம்வலமாக் கிறுகிக் கிடக்கு. பாலத்துக் கம்பியெல்லாம் ஓரம் மங்கல். நல்லாக் கறுக்க வேண்டிய பாலத்தடி நிழல்தான் வெளிறிச் சாம்பலாக் கிடக்கு. மை தேச்சுக் கை ஓஞ்சு போச்சு.

ஈயஎழுத்து:
தம்பி, நம்பர் கிறுகினதும் கம்பி மங்கினதும் ஒரே பிழை. டோனர், அதான் பிரிண்டர் மைத்தூள், ஒட்டின பக்கம் மேல பாக்க வைச்சிருக்கிறீங்க. அப்ப தாள்ட தடிப்புக்குள்ளால வெயில் சரிஞ்சு பூந்து, கோட்டுக்கு அடியில இருக்கிற ஃபிலிமையும் இறுக்கிப்போடும். படத்தைத் திருப்பாம அப்பிடியே அடிச்சு, டோனர் பக்கத்தைத் தகட்டில முட்டக் கவிழ்த்து வையுங்க. தகட்டில எழுத்து மாறி விழும், கடதாசியில நேராகும். ஈய எழுத்துக் கோத்த காலம் முழுக்க மாறித்தான் வாசிச்சன், எண்ட முதல் தகடும் இப்பிடித்தான் பிழைச்சது.

நிழல் வேற கதை. அகலமா அரிச்ச இடம் வெறும் பள்ளம். மை நிக்கிறதுக்கு உள்ளுக்குச் சின்னச் சின்ன மேடு வேணும், இல்லாட்டித் துடைக்கிற துணி எல்லாத்தையும் வழிச்சு எடுத்திடும். முந்தி இதுக்குத்தான் தகட்டில ரோசின் எண்ட மரப்பிசின் தூள் தூவிச் சூடு காட்டுறது. நீங்க கம்பியூட்டரில கடுங்கறுப்பை 90 வீதத்துக்கு இறக்கி, பிட்மேப்பா, எண்டா வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளியா மாத்துங்க. டிஃப்யூஷன் டிதர் (சாம்பலைச் சிதறின புள்ளியாக்கிற முறை), 200 டிபிஐ, எண்டா அங்குலத்துக்கு 200 புள்ளி. நிழலுக்குள்ளயும் வெள்ளைப் புள்ளி தெரியோணும்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
மனே, சோடா எண்டது அப்பச்சோடாவா? அது சரிவராது. சலவைச் சோடா, லீற்றருக்கு 10 கிராம். அப்பச்சோடாதான் கிடக்கெண்டா தாச்சியில நல்லா வறுத்தெடுங்க, அதுவே சலவைச் சோடாவாகும். பழசான ஃபெரிக்கை வாவியில ஊத்திப்போடாதீங்க, அதில கரைஞ்ச செம்பு மீனுக்கு நஞ்சு. பெரிய வாளியில வைச்சுச் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. பொங்கும், கவனம். மண்டி அடியில இறங்கும்.

வாவிக்கரைப் பொடியன்:
அப்பச்சோடாதான் டீச்சர்! கடையில சோடா எண்டு கேட்டா அதைத்தான் தாறாங்க.

டோனரைக் கவிழ்த்து வைச்சன், கம்பி ஊசிமாதிரி வந்திட்டு. 200 இல புள்ளியெல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு, 150 இல நிண்டது. தோணிக்கார மாமாக்கு ஒரு அச்சுக் குடுத்தன். பாலத்தைப் பாக்கவே இல்ல, நம்பரைத்தான் விரலால தடவிப் பாத்தார்.